பணக்காரர் நோயா?

"சர்க்கரை வியாதியா? அது பணக்காரருக்கு வருவதாயிற்றே! உழைத்துச் சாப்பிடும் நமக்கேன் வரப்போகிறது?" என்று கேட்கும் தொழிலாளத் தோழர்களை நாம் இன்றும் காண்கிறோம். மாளிகைக்கு மட்டுமே உரியது என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்ட நோய்தான். இன்றோ அது குடிசைக் கதவையும் தட்டுகிறது. தட்டும் ஓசைதான் கேட்பதில்லை!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று கணக்கிட்டது. மேலும் 13.6 கோடிப் பேர் அந்நோயின் வாயிற்படியில் நிற்கின்றனர் என்றும் கூறிற்று. வாயிற்படியில் நிற்பவருக்குப் பெரும்பாலும் தாகமில்லை, களைப்பில்லை, எந்தத் தொல்லையுமில்லை. தாம் எங்கே நிற்கிறோம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வது இரத்தப் பரிசோதனை ஒன்றுதான்.

அந்தக் கணக்கு கடினமானதன்று. இரவு உணவுக்குப்பின் எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் கொள்ளாமல், காலையில் இரத்தம் கொடுக்க வேண்டும். 100க்குக் கீழ் இருந்தால் நலம். 100 முதல் 125 வரை வாயிற்படி. 126ஐத் தொட்டால் நீரிழிவு. 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது மற்றொரு முறை. அதில் 140 முதல் 199 வரை வாயிற்படி. 200 என்றால் நோய். வெறும் வயிற்றில் சரியாக இருந்து, இதில் பிடிபடுவோரும் உண்டு.

சோதனைக்கு இரண்டு நாள் முன்பு இனிப்பை நிறுத்தி, நல்ல கணக்குக் காட்ட முனைவோரும் இருக்கின்றனர். யாரை ஏமாற்றுகிறார்கள்? மருத்துவரையா? இல்லை, தம்மையே! ஏ1சி என்னும் சோதனையிடம் இந்தச் சூழ்ச்சி பலிக்காது. ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியை அது காட்டிக்கொடுத்துவிடும். 5.7 முதல் 6.4 விழுக்காடு வரை வாயிற்படி, 6.5 ஆனால் நோய். இரத்தச்சோகை உள்ளவரிடம் இந்தக் கணக்கும் பிழைபடக்கூடும். ஆகவே மருத்துவரின் ஆராய்ச்சி தேவை.

விரல் நுனியில் குத்திப் பார்ப்பது எச்சரிக்கை மணி, தீர்ப்பு அன்று. நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தை ஆய்வுக்கூடத்தில் சோதித்தே உறுதி செய்ய வேண்டும். அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு ஒரே சோதனையில் முடிவு கட்டுதலும் தகாது. மறுமுறையும் பார்த்தல் வேண்டும்.

அறிந்து என்ன பயன் என்று கேட்கலாம். வாயிற்படியில் நின்றவர்களைக் கொண்டு நம் சென்னையிலே நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2006இல் வெளியாயிற்று. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டோரிடம், மூன்றாண்டுகளில் நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு கால் பங்குக்கு மேல் குறைந்தது என்று அது மெய்ப்பித்தது. வாயிற்படியிலிருந்து திரும்பி வர வழி உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் ஒன்று கேட்கிறோம். நாட்கூலிக்குச் செல்லும் தாய், காலை உணவைத் துறந்து, இரண்டு மணி நேரம் மருத்துவமனைத் திண்ணையில் காத்திருந்தால் அன்றைய கூலியை யார் கொடுப்பது? 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாயிலுக்குச் சென்றதைப் பாராட்டுகிறோம். வாயிலில் விரலைக் குத்தியதோடு வேலை முடிந்துவிடவில்லை. உறுதிசெய்யும் சோதனை அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே, வேலைக்குப் போகுமுன் கிடைத்திட வேண்டும். அந்த அரை நாளுக்குக் கூலி பிடிக்கலாகாது என்று முதலாளிகளுக்கு ஆணையிட வேண்டும். இது சலுகை அன்று, உரிமை!

உரிமையைக் கேட்கும் நாம் கடமையை மறக்கலாமா? முப்பது வயதைக் கடந்த தோழர்களே, தாய்மார்களே! நோய் வந்து சொல்லட்டும் என்று காத்திராதீர். ஒரு சொட்டு இரத்தத்துக்கு இன்று அஞ்சினால், நாளை கண்ணையும் காலையும் விலையாகக் கேட்கும் நோய் இது. இந்த வாரமே சென்று சோதித்துக்கொள்ளுங்கள்!