லின்சியன் ஆய்வும் மாத்திரை வாதமும்

ஓர் ஆய்வின் முடிவை அது விளைந்த மண்ணினின்றும் பெயர்த்தெடுத்து, எவர்க்கும் பொருந்தும் பொதுவிதியாக்குதல் விஞ்ஞானமன்று, வணிகமாகும். சத்து மாத்திரைகள் இரைப்பைப் புற்றுநோயைத் தடுக்கும் என்னும் கூற்று இத்தகையதே.

இக்கூற்றினர் தமக்குச் சான்றாகக் காட்டுவது சீனாவின் ஹெனான் மாகாணத்து லின்சியன் ஆய்வாகும். உணவுக்குழாய்ப் புற்றுநோயும் இரைப்பைப் புற்றுநோயும் மிகுந்திருந்த அப்பகுதியில், 1986 முதல் 1991 வரை 29,584 பேரிடையே நால்வகைச் சத்துக் கூட்டுகள் சோதிக்கப்பட்டன. பீற்றா கரோட்டீன், விற்றமின் ஈ, செலெனியம் ஆகியன சேர்ந்த கூட்டைப் பெற்றோரிடையே இரைப்பைப் புற்றுநோய் மரணம் 21 சதவீதம் குறைந்ததென 1993 இல் அறிவிக்கப்பட்டது. ஏனைய மூன்று கூட்டுகளும் மரணத்தைக் குறிப்பிடத்தக்க அளவிற் குறைக்கவில்லை. இம்முடிவு மறுத்தற்குரியதன்று. ஆயின், அம்மக்கள் யாவர்? நுண்சத்துகள் பல நெடுங்காலமாகக் குறைந்திருந்த கிராம மக்கள். உணவு செய்யத் தவறிய பணியையே அங்கு மாத்திரை செய்தது.

இனிப் பின்லாந்தை நோக்குவோம். அங்கு புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடையே பீற்றா கரோட்டீனும் விற்றமின் ஈயும் சோதிக்கப்பட்டன. 1994 இல் வெளிவந்த முடிவின்படி, பீற்றா கரோட்டீன் பெற்றோரிடையே சுவாசப்பைப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகரித்தது. லின்சியனில் நாளொன்றுக்கு வழங்கப்பட்டது 15 மில்லிகிராம். பின்லாந்தில் 20 மில்லிகிராம். பொருள் ஒன்றே, அளவும் ஏறத்தாழ ஒன்றே. அதனை ஏற்ற உடல்களும் வாழ்க்கை முறைகளுமே வேறு. இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டு லின்சியனை மாத்திரம் எடுத்துக்காட்டுவோர் பாதி உண்மையையே பேசுகின்றனர்.

மேலும், இரைப்பைப் புற்றுநோயின் முதன்மைக் காரணிகளுள் ஒன்று ஹெலிக்கோபக்டர் பைலோரி என்னும் பற்றீரியா ஆகும். ஷான்டொங் மாகாணத்து லின்சூ ஆய்வில், 1995 இல் இரு வாரம் மட்டும் அளிக்கப்பட்ட சிகிச்சை, 22 ஆண்டுகளின் பின்னரும் நோயேற்படும் வாய்ப்பை ஏறத்தாழ அரைவாசியாக்கியிருந்தது. விற்றமின் மாத்திரைகளும் அங்கு பயன் தந்தன. ஆயின், அவை ஏழாண்டுகளுக்கு மேல் உட்கொள்ளப்பட்டன. நோயேற்படும் வாய்ப்பைக் குறைப்பதில் அவற்றின் பயனும் சிகிச்சையினதினும் குறைவே. அதுவும் ஒரு கிராமியச் சமூகமே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

எனவே, இவ்வாய்வுகள் உணர்த்துவது தெளிவு. சத்துக் குறைந்தோர்க்குச் சத்து வேண்டும். தொற்றுற்றோர்க்குச் சிகிச்சை வேண்டும். இவ்விரண்டும் பொதுச் சுகாதாரத்தின் கடமைகள். வறியோர் உடலிற் பெற்ற சான்றைக் காட்டி, குறையேதுமற்றோர்க்கு மாத்திரை விற்பது அவ்வறியோர்க்கும் உதவாது, வாங்குவோரையும் காவாது. லின்சியன் மக்கள் ஐந்தாண்டுகள் மாத்திரை உட்கொண்டு உலகிற்கு அளித்த அறிவு, விளம்பர வாசகமாகத் தேய்ந்துபோதல் தகாது.