புற்றுநோயை வென்ற குழந்தைகள்: உணவும் சிகிச்சையின் தொடர்ச்சியே

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உயர் வருமான நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர். வருமானம் குறைந்த நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்தினர்கூடப் பிழைப்பதில்லை. 2030க்குள் உலக அளவில் குறைந்தது 60 சதவீதக் குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டும் என்கிற இலக்கை 2018இல் அந்நிறுவனம் அறிவித்தது. இலக்கு அவசியமானதுதான். ஆனால், பிழைத்த குழந்தை அடுத்த 50, 60 ஆண்டுகளை எப்படி வாழப்போகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியமான கேள்வி.

சிகிச்சை விட்டுச்செல்லும் சுவடுகள்: உயிரைக் காக்கும் மருந்துகள் உடலில் சில சுவடுகளையும் விட்டுச்செல்கின்றன. டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள், அளவு கூடக்கூட இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடியவை. ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்ஸேட்டும் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கலாம். தலைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு ஹார்மோன் சுரப்பு பாதிக்கப்பட்டு, வளர்ச்சிக் குறைவும் உடல் பருமனும் ஏற்படலாம். வயிற்றுப் பகுதிக் கதிர்வீச்சு நீரிழிவுக்கு வழிவகுக்கலாம். அமெரிக்காவில் 1970 - 1986 காலகட்டத்தில் நோய் கண்டறியப்பட்டுப் பிழைத்த 10,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வில், 62 சதவீதத்தினருக்குக் குறைந்தது ஒரு நாள்பட்ட நோயாவது இருந்தது. அன்றைய சிகிச்சை முறைகள் இன்று பெரிதும் மாறிவிட்டன; ஆனாலும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை.

இங்குதான் உணவு முக்கியத்துவம் பெறுகிறது. பலவீனப்பட்ட இதயத் தசையை எந்த உணவாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஆனால், அதே இதயத்தின் மீது உயர் ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டால், இதயச் செயலிழப்புக்கான வாய்ப்பு பல மடங்கு உயர்கிறது. உப்பு, சர்க்கரை, உடல் எடை ஆகியவற்றைக் கட்டுக்குள் வைப்பது, முதல் பாதிப்பின் மீது இரண்டாவது சுமை விழாமல் தடுக்கும் வழி. 10 கோடிக்கும் அதிகமான நீரிழிவு நோயாளிகளைக் கொண்ட நம் நாட்டில் இதன் தேவை இன்னும் கூடுதல்.

இருவேறு சிக்கல்கள்: சிகிச்சைக் காலத்தில் சிக்கல் ஊட்டச்சத்துக் குறைபாடு. குமட்டல், வாய்ப்புண், தொற்று ஆகியவற்றால் குழந்தை உண்ண மறுக்கிறது. எடை குறைந்த குழந்தையால் மருந்தின் கடுமையைத் தாங்குவது கடினம். மருத்துவமனைகளில் ஊட்டச்சத்து நிபுணர் இருக்க வேண்டியதன் காரணம் இதுவே. சிகிச்சை முடிந்த பிறகு நிலைமை தலைகீழாகிறது. மெலிந்து கிடந்த பிள்ளையின் உடம்பு தேற வேண்டும் என்கிற தவிப்பில், கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரைக் குறைசொல்ல முடியாது. பிஸ்கட், பொரித்த தின்பண்டங்கள், இனிப்புப் பானங்கள் அன்றாட வழக்கமாகின்றன. தொற்றுக்கு அஞ்சி ஓடி விளையாடவும் அனுமதிப்பதில்லை. எலும்பு உறுதிபெற வேண்டிய வயதில் உடலசைவு குறைந்து எடை கூடுகிறது. எப்போது, எதை மாற்ற வேண்டும் என்று பெற்றோருக்கு எடுத்துச்சொல்ல ஆள் இல்லாததுதான் பிரச்சினை.

இடைப்பட்ட 12 ஆண்டுகள்: பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளோரின் உடல்நலனைப் பரிசோதிக்க தேசியத் திட்டம் உண்டு. நீரிழிவு, உயர் ரத்த அழுத்தத்துக்கான தேசியப் பரிசோதனைத் திட்டமோ 30 வயதுக்கு மேற்பட்டோரை இலக்காகக் கொண்டது. சிறு வயதில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு இந்நோய்கள் 20களிலேயே வரக்கூடும். அதாவது, அவர்கள் அதிகம் கண்காணிக்கப்பட வேண்டிய காலம் இரண்டு திட்டங்களுக்கும் இடையில் விடுபட்டுப்போகிறது. அரசுக் காப்பீட்டுத் திட்டங்களும் பெரும்பாலும் மருத்துவமனைச் சிகிச்சையையே மையமாகக் கொண்டவை.

இதைச் சரிசெய்யப் பெரும் செலவு தேவையில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சிகிச்சை முடித்த குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவை 1991இலேயே தொடங்கிவிட்டது. அத்தகைய பிரிவு, குழந்தைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் வேண்டும். பெற்ற மருந்துகள், அவற்றின் மொத்த அளவு, கதிர்வீச்சு தரப்பட்ட இடம் ஆகியவற்றைக் குறிப்பிடும் ஓர் அட்டையைச் சிகிச்சை முடியும் நாளிலேயே குடும்பத்திடம் அளிக்க வேண்டும். ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அந்த அட்டையைப் பார்த்தால், 22 வயது இளைஞரின் மூச்சிரைப்பை வெறும் களைப்பு என்று ஒதுக்கிவிட மாட்டார். தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் இவர்களுக்கு மட்டும் வயது வரம்பைத் தளர்த்தலாம். ஆண்டுதோறும் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதிப்பதுடன் உணவு ஆலோசனையும் வழங்கலாம்.

ஒரு குழந்தையைப் புற்றுநோயிடமிருந்து மீட்கக் குடும்பமும் மருத்துவர்களும் அரசும் சேர்ந்து போராடுகின்றனர். அந்தப் போராட்டத்தின் பயனை, தடுக்கக்கூடிய ஒரு மாரடைப்பிடமோ நீரிழிவிடமோ நாம் பறிகொடுத்துவிடக் கூடாது.