இரண்டு இடத்தில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்



2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்தும் என்ன, விலை நம் கைக்கு எட்டவில்லை. ஆகவே பழைய ஃப்ரீலேண்டரை வீட்டு முற்றத்தில் வைத்து, அதன் விஸ்கஸ் கப்ளிங்கைத் தானே மாற்றப் பார்க்கும் தம்பிமாரை நான் குறை சொல்லமாட்டேன். கைத்தொழில் தெரிந்தவன் கெட்டுப்போவதில்லை. கூலியை மிச்சம் பிடியுங்கள். ஆனால் டயரிலும் ஜெக் ஸ்டாண்டிலும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

முதலில் சாமானைப் பற்றி. 1997 முதல் 2006 வரை வந்த ஃப்ரீலேண்டரில், முன்னிருந்து பின்னுக்குப் போகும் ஷாஃப்டின் நடுவே இந்தக் கப்ளிங் இருக்கிறது. மூடிய உருளைக்குள் துளையிட்ட தட்டுகளும் சிலிக்கன் திரவமும். முன் சில்லு வழுக்கினால் திரவம் சூடேறி இறுகும், பின் சில்லுக்கும் இழுவை போகும். வயதாக வயதாக அந்தத் திரவம் நிரந்தரமாகவே தடித்துவிடும். அப்போது ஒவ்வொரு வளைவிலும் முன் சில்லும் பின் சில்லும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். கடைசியில் உடைவது முன்பக்கத்துக் கியர் பெட்டியோ பின் டிஃபரன்ஷலோதான். அந்தச் செலவு பெரியது.

கழற்றுமுன் சோதியுங்கள். கொஞ்சத் தூரம் ஓடி வந்த பிறகு ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகப் பின்னெடுங்கள். யாரோ பிரேக் பிடித்ததுபோல வாகனம் இழுத்து நின்றால் கப்ளிங் இறுகியிருக்கலாம். முதல் தலைமுறை ஹொண்டா சீஆர்வீ வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அவசரப்பட வேண்டாம். அதில் இந்தக் கப்ளிங் இல்லை. திரும்பும்போது பின்னால் முனகினால், அதற்கென்றே உள்ள டூவல் பம்ப் ஒயிலை மாற்றினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

பஞ்சிகாவத்தையில் வாங்கும் பழைய கப்ளிங்கும் உள்ளே இறுகியிருக்கக் கூடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பூட்டிய பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

இனி டயர். இரண்டு புது டயர், இரண்டு தேய்ந்த டயர் என்று ஓடினால் சில்லுகளின் சுற்றளவு வேறுபடும். நேர் வீதியிலும் கப்ளிங் ஓய்வில்லாமல் வேலை செய்து சூடேறும். புதிதாகப் போட்டதும் சீக்கிரம் போய்விடும். நான்கும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்க வேண்டும். இரண்டுதான் வாங்க முடியுமென்றால் புதியவை பின்னுக்குப் போகட்டும். டயருக்குக் காசு சேரும்வரை ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு முன் சில்லில் மட்டும் ஓடுவது, புதுக் கப்ளிங்கை வீணாக்குவதைவிடப் புத்தியான காரியம்.

கடைசியாக, உயிர். ஜெக் என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. புளொக் கல் சொல்லாமல் நொறுங்கும். சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு அடைகொடுத்து, வாகனத்தை ஸ்டாண்டில் இறக்கி, தோளால் தள்ளிப் பார்த்து, அசையாவிட்டால் மட்டும் கீழே போங்கள். கப்ளிங் கனமான இரும்பு, நெஞ்சுக்கு நேரே விழும். இறக்கும்போது பக்கத்தில் இன்னொருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

உயிர் நமக்குத் தரப்பட்ட அமானிதம். ஸ்டாண்ட் வைத்திருப்பவர்கள் அக்கம்பக்கத்தாருக்கு இரவல் கொடுங்கள். அதுவும் நன்மைதான்.