பஸ் வீடும் அதன் மெய்விலையும்

நினைத்த இடத்தில் தங்கி, அலுத்த இடத்தை விட்டு நீங்கி, சொற்ப செலவில் சுதந்திரமாக வாழ்வதற்கு வழி கண்டாயிற்று என்ற குரல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எழுந்து இன்று உலகெங்கும் கேட்கின்றது. பழைய பஸ் வண்டியொன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் பொருத்தி, அதனையே வாகனமாகவும் வீடாகவும் கொள்வதே அவ்வழி. மலையடிவாரத்தில் நிற்கும் வண்டியையும் அதன் வாயிலில் தேநீர் அருந்தும் இளந் தம்பதியினரையும் காணொளியிற் காண்போர் மயங்குவதில் வியப்பில்லை. ஆனால் ஒரு வாழ்க்கைமுறை மலிவானது எனக் கூறப்படும்போது, அம்மலிவு யாருக்கு, எஞ்சிய விலையைச் செலுத்துவோர் யார் என்னும் இரு வினாக்களும் எழுப்பப்படுதல் வேண்டும். இவை எழுப்பப்படாதவரை ‘விடுதலை’ என்பதும் சந்தையில் விற்கப்படும் இன்னொரு பண்டமே.

முதலில் பணக் கணக்கை நோக்கலாம். பஸ் வீட்டுக்காரர் தம் செலவைக் கூறும்போது டீசலின் விலையையே கூறுவர். இத்தகைய பெரிய வண்டி ஒரு கலன் டீசலில் ஏறத்தாழ 6 முதல் 8 மைல் வரையே ஓடும். ஆண்டொன்றிற்கு 10,000 மைல் ஓடும் வண்டிக்கு, கலனுக்கு 7 மைல் எனக் கொண்டால், சுமார் 1,430 கலன், அதாவது 5,400 லீற்றர் டீசல் தேவைப்படும். கலன் 4 டொலர் எனின் செலவு ஏறத்தாழ 5,700 டொலர். மைலுக்கு 57 சதம். வீட்டு வாடகையோடு ஒப்பிட்டால் இது அற்பம் என்றே தோன்றும்.

ஆனால் இது கணக்கின் முதல் வரி மாத்திரமே. 60,000 டொலருக்கு வாங்கப்பட்ட வண்டி ஐந்தாண்டுகளின் பின் 40,000 டொலருக்கு விலைபோகும் என வைத்துக்கொண்டால், ஆண்டுதோறும் 4,000 டொலர் ஓசையின்றிக் கரைகின்றது. மூன்று அச்சுக்களுடைய வண்டிக்கு எட்டு ரயர்கள் வேண்டும். ஒன்று 600 டொலர் எனவும் ஏழாண்டிற்கு ஒருமுறை மாற்றப்படுவது எனவும் கொண்டால் ஆண்டிற்கு ஏறத்தாழ 700 டொலர். நீரும் மின்சாரமும் கழிவகற்றும் வசதியும் உள்ள தரிப்பிடங்களில், இரவுக்கு 30 டொலர் வீதம், ஆண்டில் 150 இரவுகள் தங்கினால் 4,500 டொலர். இவையனைத்தையும் கூட்டினால் தொகை 14,900 டொலர். மைலுக்கு ஏறத்தாழ 1 டொலர் 49 சதம். காப்புறுதி, பதிவுக் கட்டணம், மின்பிறப்பாக்கிக்கான எரிபொருள், எஞ்சின் திருத்தம் ஆகியன இதில் இன்னும் சேரவில்லை. டீசல் செலவு என்பது மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை என்பது இவ்வெளிய கூட்டலிலேயே புலனாகின்றது.

‘அப்படியாயின் குறைவாக ஓட்டினாற் போதுமே’ என்பர் சிலர். ரயர் ஓடித் தேய்வதற்கு முன்னரே வெயிலிலும் காலத்திலும் முதுமையடைந்து வெடிக்கும் தன்மையது. தடம் தேயாதிருப்பினும் மாற்றியே ஆகவேண்டும். வண்டியின் விலையும் நிற்கும்போதே வீழ்கின்றது. மேற்கூறிய வண்டி ஆண்டில் 2,000 மைல் மட்டுமே ஓடினால் டீசல் 1,140 டொலராகக் குறையும்; ஏனைய 9,200 டொலர் அவ்வாறே நிற்கும். அப்போது மைலுக்கான விலை 5 டொலரையும் தாண்டும். ஓடினால் டீசல் தின்னும், நின்றால் முதலைத் தின்னும் என்பதே இவ்வீட்டின் பொருளாதாரம்.

இனிப் பணத்திற்கு அப்பாலுள்ள விலை. பஸ் என்பது பலர் கூடிப் பயணம் செய்வதற்கென உருவானது. 1939இல் நியூயோர்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியிற் கூடிய மாநாடு, நாட்டின் பாடசாலை பஸ்களுக்கான பொது நியமங்களையும் இன்று எவரும் அறிந்த மஞ்சள் நிறத்தையும் வகுத்தது. நாட்டுப்புறப் பிள்ளைகள் பாதுகாப்பாகப் பள்ளி செல்லவேண்டும் என்ற சமூக நோக்கமே அதன் அடிப்படை. 1954 முதல் 1956 வரை கிறேஹவுண்ட் நிறுவனத்திற்கென ஜெனரல் மோட்டோர்ஸ் தயாரித்த 1,001 சீனிக்குரூசர் வண்டிகள் ஒவ்வொன்றும் 43 பயணிகளை ஏற்றின. சேவையிலிருந்து நீங்கிய பின் அவற்றுட் பல பஸ் வீடுகளாயின. கலனுக்கு 7 மைல் என்ற அதே கணக்கில், 43 பேருடன் ஓடும் வண்டி ஒரு கலன் டீசலைக் கொண்டு 301 ‘பயணி மைல்’களை ஆற்றுகின்றது. இருவருடன் ஓடும்போது அது 14 ஆகச் சுருங்குகின்றது. ஒரு கலன் டீசல் எரியும்போது ஏறத்தாழ 10 கிலோகிராம் கரியமில வாயு வெளியேறும். மேற்கூறிய 10,000 மைலுக்கு அது 14 தொன்னுக்கு மேற்படும். அவ்வாயு வண்டிக்காரரின் வாயிலில் தங்குவதில்லை. பஸ்ஸையே காணாத மக்களின் வானையும் அது சூழ்கின்றது.

பழைய வண்டியை இரும்புக்கு உடைப்பதைவிட வீடாக்குதல் மேலன்றோ எனக் கேட்கலாம். இவ்வாதத்தில் நியாயம் உண்டு. கைவிடப்பட்ட வண்டியொன்றைத் தம் கைகளாற் செப்பனிட்டு ஓரிடத்தில் நிறுத்திக் குடியிருப்போரை எவரும் குறைகூற முடியாது. குறைகூறப்பட வேண்டியது, அமெரிக்கச் சமூகம் தன் பொதுப் பயணத்தைத் தேயவிட்டு, தனிப் பயணத்தைச் சுதந்திரம் எனப் போற்றும் போக்கே. 2004 தொடக்கம் கிறேஹவுண்ட் நிறுவனம் சிற்றூர் நிறுத்தங்கள் பலவற்றைக் கைவிட்டது. கார் இல்லாத முதியவரும் வறியவரும் அவ்வூர்களில் வழியின்றி நின்றனர். அதே நெடுஞ்சாலையில் இருவரைச் சுமந்த பஸ்கள் தடையின்றிச் சென்றன.

இப்பஸ் வீட்டுக்குள்ளும் வர்க்கங்கள் உள்ளன என்பதை மறைப்பதே காணொளிகளின் பெரும் பொய். 1964இல் எழுத்தாளர் கென் கெஸியும் நண்பரும் 1939ஆம் ஆண்டுப் பாடசாலை பஸ் ஒன்றுக்கு வர்ணந் தீட்டிக் கலிபோர்னியாவிலிருந்து நியூயோர்க் சென்றபோது, அது நடைமுறைச் சமூகத்தை நோக்கிய ஒரு கேலியாக இருந்தது. இன்றோ கனடாவின் பிரவோஸ்ட் நிறுவனத்தின் வெற்றுடலை வாங்கிப் பளிங்குத் தளமும் தோல் ஆசனமும் பொருத்திய புதிய வண்டிகள் 20 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோகின்றன. கலகத்தின் சின்னம் செல்வத்தின் சின்னமாயிற்று.

மறுமுனையில் நிற்போர் யார்? 2008இன் நிதி நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து வாகனங்களில் குடியேறிய முதியோரின் வாழ்வை ஜெசிக்கா புரூடர் 2017இல் வெளியிட்ட ‘நோமட்லாண்ட்’ என்னும் நூலில் பதிவுசெய்தார். அதனைத் தழுவிய 2020ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒஸ்கார் விருதும் பெற்றது. ஓய்வூதியம் போதாமையால் அவர்கள் பண்டிகைக் காலத்தில் அமேசன் பொருட்கிடங்குகளிலும், அறுவடைக் காலத்தில் பீற்கிழங்கு வயல்களிலும், கோடையில் முகாம் காவலராகவும் உழைத்தனர். வீட்டைத் தன் முதுகிற் சுமந்து தானாகவே வாயிலுக்கு வந்து, வேலை முடிந்ததும் தானாகவே அகன்றுவிடும் தொழிலாளியைக் காட்டிலும் முதலாளிக்கு மலிவானவர் யார்?

சட்டமும் இவ்விரு சாராரையும் ஒரே கண்கொண்டு நோக்குவதில்லை. படுக்கையும் சமையல் வசதியும் கழிப்பறையும் உள்ள வாகனத்தை அமெரிக்க வரிச் சட்டம் ‘இல்லம்’ என ஏற்கின்றது. அதனை இரண்டாம் இல்லமாக வாங்கப் பெற்ற கடனின் வட்டிக்கு வரிச் சலுகையும் உண்டு. கழிவுகளை விபரமாக எடுத்துக்காட்டி வரிப்பத்திரம் நிரப்பும் வசதியுடையோருக்கே அச்சலுகை பயன்படும். வேறு வீடின்றித் தெருவோரத்தில் வாகனத்தில் உறங்குவோருக்குப் பல நகரங்களில் கிடைப்பது அபராதச் சீட்டு. பொது இடங்களில் முகாமிடுவதைத் தண்டிக்கும் நகரச் சட்டங்கள் அரசியலமைப்புக்கு முரணல்ல என 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் கிறான்ற்ஸ் பாஸ் நகர வழக்கில் ஆறுக்கு மூன்று எனத் தீர்ப்பளித்தது. செல்வரின் பஸ் இரண்டாம் வீடு. வறியவரின் பஸ் குற்றம்.

குடியுரிமையின் விலையும் உண்டு. நிலையான முகவரியற்றோர் பலர் ஓர் இரவு தங்கிய பற்றுச்சீட்டுடன் தென் டகோட்டாவிற் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று வந்தனர். 2023இல் அம்மாநிலம் வாக்காளராகப் பதிவதற்கு 30 நாள் வதிவை விதித்தது. எங்கும் செல்லக்கூடியவர் எங்கும் வாக்களிக்க இயலாதவராகும் நிலை இது. அரச நிலங்களிலும் 14 நாட்களுக்கு மேல் ஓரிடத்தில் தங்குதல் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. ‘நினைத்த இடத்தில் தங்கலாம்’ என்ற வாக்குறுதி, பதினைந்தாம் நாளில் எழுந்து போகவேண்டிய கட்டாயமாக முடிகின்றது.

இது தொலைதேசத்துக் கதையென ஒதுக்குதற்கும் இல்லை. 2022 ஜூனில் அமெரிக்காவில் டீசல் கலனுக்கு 5 டொலர் 80 சதத்தைத் தாண்டி உச்சம் தொட்டபோது, பஸ் வீட்டுக்காரர் பயணத்தைச் சுருக்கினர். அதே மாதத்தில் அந்நியச் செலாவணியற்ற இலங்கையில் மக்கள் அதே எண்ணெய்க்காக இரவு பகலாக வரிசையில் நின்றனர். எண்ணெய்ச் சந்தை ஒன்றே. அதில் ஒருவருக்கு உல்லாசம் குறைகின்றது, மற்றவருக்கு உயிர்வாழ்வே குறைகின்றது.

பரிகாரம் பஸ் வீடுகளைத் தடைசெய்வதன்று. சாந்தா பார்பரா நகரில் 2004 முதல் நடைபெறும் பாதுகாப்பான தரிப்பிடத் திட்டம், வாகனத்தில் உறங்குவோரை விரட்டாது இரவில் இடமளிக்கின்றது. அது தொடக்கம், முடிவாகாது. உழைத்து முதிர்ந்தவருக்கு வாடகை கொடுக்கக்கூடிய வீடும், சிற்றூரையும் தொடும் பொது பஸ்ஸும் கோரப்படுதல் வேண்டும். வீடிருந்தும் பயணத்தை விரும்புவது விடுதலை. வீடின்மையால் பயணத்தில் தள்ளப்படுவது வெளியேற்றம். இரண்டையும் ஒரே வர்ணப்படத்திற் காட்டி ஒரே பெயரால் அழைப்போர் கணக்கை மறைக்கின்றனர். அக்கணக்கைக் கேட்பது, கழற்றப்பட்ட நாற்பத்துமூன்று இருக்கைகளும் யாருக்குரியன எனக் கேட்பதற்கு ஒப்பாகும்.