பின்னலும் ஈகையும்

தில்லியில் மார்கழி பிறந்துவிட்டால் காலை ஒன்பது மணிக்கும் எதிர்வீடு தெரிவதில்லை. பனிமூட்டம் தெருவையே மூடிக்கொண்டிருக்கும். நண்பகலை ஒட்டி வெயில் சற்றே எட்டிப் பார்க்கும்போது, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மொட்டைமாடிகளிலும் பூங்காக்களிலும் பெண்கள் வந்து அமர்வர். ஒரு பக்கம் வறுத்த வேர்க்கடலை. மறுபக்கம் கம்பளி நூற்கண்டு. வாய் பேசிக்கொண்டிருக்கும், கைகள் பின்னிக்கொண்டிருக்கும். திருநெல்வேலியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ மகன் வீட்டிற்கு வந்திருக்கும் பாட்டிக்கு முதலில் இக்காட்சி வியப்பளிக்கும். ஊரில் அவர் கண்டவை பூத்தொடுத்தலும் ஒயர்க்கூடை பின்னுதலுமே. ஆயினும் சில நாள்களில் அவரும் இரண்டு ஊசிகளைக் கையில் எடுத்துக்கொள்வார். பின்னுவதற்கு இந்தி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இவ்வாறு பின்னப்படும் ஆடைகளுள் பெரும்பாலானவை வீட்டுக் குழந்தைகளுக்கு உரியவை. சில மட்டும் முன்பின் அறியாத குழந்தைகளுக்கு உரியவை. அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் எளியோர் வீட்டுக் குழந்தைகளுக்கும், பெற்றோரின்றி இல்லங்களில் வளரும் குழந்தைகளுக்கும் குல்லாய், காலுறை, மேற்சட்டை, போர்வை முதலியவற்றைப் பின்னிக் கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு, இந்தியாவிலும் உண்டு. இரண்டு நீண்ட ஊசிகளால் பின்னுவது ஒரு முறை. முனையில் கொக்கியுள்ள ஒற்றை ஊசியால் பின்னும் குரோஷா மற்றொரு முறை. இரண்டிற்கும் வேண்டிய முதலீடு நூலும் பொறுமையுமே.

இஃது ஒரு நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் நற்செயல் என்னும் காரணத்தாலேயே அது பயனுள்ள செயலாகிவிடுமா? கொடுப்பவரின் மனம் நிறைவது ஒன்று. பெறும் குழந்தையின் உடல் கதகதப்படைவது மற்றொன்று. முன்னது நிகழ்ந்தவுடன் பின்னதும் நிகழ்ந்துவிட்டதாகக் கருதுவதே ஈகையில் பலர் செய்யும் பிழை.

பச்சிளங்குழந்தைக்குக் குளிர் பகையாவது ஏன் என்பதை முதலில் அறிதல் வேண்டும். தாயின் வயிற்றில் வெதுவெதுப்பாக இருந்த குழந்தை, நனைந்த உடலோடு வெளிக்காற்றுக்கு வருகிறது. ஈரம் உலரும்போது உடற்சூட்டையும் உடன் கொண்டுசெல்கிறது. பெரியவர்களைப் போல உடல் நடுங்கிச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் அக்குழந்தைக்குப் போதிய அளவில் இல்லை. வளர்ந்த மனிதரின் உயரத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே தலை. பிறந்த குழந்தையின் நீளத்திலோ நான்கில் ஒரு பங்கு தலை. மூடப்படாத தலையின் வழியே மிகுந்த சூடு வெளியேறிவிடுகிறது. குழந்தையின் உடல் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும், 2,500 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைகளுக்கும் தோலின் கீழ்க் கொழுப்பு மிகக் குறைவு. ஆகவே அவர்கள் பிறரினும் விரைவில் குளிர்ந்துவிடுவர். அவர்களுக்கு ஒரு சிறு குல்லாய் அழகுப்பொருள் அன்று, காப்பு.

இத்தகைய குழந்தைகளுக்கு மருத்துவர்கள் இன்று பரிந்துரைப்பது கங்காரு முறைப் பராமரிப்பாகும். 1970களின் இறுதியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், குழந்தைகளை வைத்துக் காக்கும் இன்குபேட்டர் கருவிகள் போதாமல் இருந்த நிலையில் இம்முறை தோன்றியது. குழந்தையைத் தாயின் மார்போடு, தோல்மேல் தோல் படுமாறு அணைத்துக் கட்டிவைப்பர். அப்போது குழந்தை அணிந்திருப்பவை குல்லாய், காலுறை, இடுப்புத்துணி ஆகியவை மட்டுமே. தாயின் உடற்சூடே குழந்தைக்குச் சூடு. இங்கு ஒரு மாதம் உழைத்துப் பின்னிய பெரிய போர்வைக்கு வேலையில்லை. ஒரே மாலைப்பொழுதில் பின்னி முடித்த சிறு குல்லாய்க்கு வேலையுண்டு.

போர்வையைப் பற்றி மற்றொன்றும் கூறுதல் வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும்போது அதன் படுக்கையில் தளர்வான போர்வை இருத்தல் கூடாது என்று குழந்தைநல மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். அது முகத்தை மூடி மூச்சை அடைத்துவிடக்கூடும். மடியில் வைத்திருக்கும்போதும் வெளியில் தூக்கிச் செல்லும்போதும் பயன்படும் போர்வையே, உறக்கத்தில் இடராகவும் மாறும். அன்பினால் தைத்த பொத்தான் தொண்டையில் சிக்கலாம். அழகிற்காகக் கோத்த நாடா கழுத்தைச் சுற்றலாம். பெரிய துளைகளையுடைய பின்னலில் பிஞ்சு விரல்கள் மாட்டிக்கொள்ளலாம். உயர்ந்த கம்பளி என்று விலை கொடுத்து வாங்கிய நூல், மருத்துவமனைச் சலவையின் கொதிநீரில் சுருங்கிப் பயனற்றுப் போகலாம். கொடுப்பவர் இவற்றை அறியாமல் பின்னினால், அவரது உழைப்பு பெட்டியிலேயே உறங்கும். அல்லது தீங்காய் முடியும்.

கேளாமல் கொடுப்பதன் விளைவிற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு நிகழ்வு சான்றாக உள்ளது. பிலிப் தீவில் வாழும் சிறு பெங்குவின்கள் கடலில் சிந்திய எண்ணெயில் நனைந்துவிடும்போது, அவை அலகால் இறகைக் கோதி எண்ணெயை விழுங்காமல் இருக்கச் சிறு பின்னல் ஆடைகளை அணிவிப்பது வழக்கமாயிற்று. செய்தி பரவியது. உலகெங்குமிருந்து ஆடைகள் வந்து குவிந்தன. தேவைக்கு மேல் குவிந்தவற்றைப் பொம்மைப் பெங்குவின்களுக்கு அணிவித்து விற்றுப் பணம் திரட்டினர். அங்கிருந்தவர்கள் அறிவுடையோர், மிகுதியையும் பயனாக்கிக்கொண்டனர். எல்லா இடங்களிலும் அவ்வாறு நிகழ்வதில்லை.

அளவின் பெருமையைப் பற்றிச் சென்னையும் ஒன்று கற்பிக்கிறது. 2016 ஜனவரி 31 அன்று, 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்னும் பெண்கள் குழுவினர், பலர் தனித்தனியே பின்னிய சிறு போர்வைகளை இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தனர். இரண்டரை ஏக்கருக்கும் மிகுந்த பரப்பு அது. அந்தப் பெரும்போர்வையைப் போர்த்திக்கொள்ளத் தக்க மனிதர் எவருமிலர். அது மீண்டும் சிறு சிறு போர்வைகளாகப் பிரிந்து, தேவைப்படுவோரின் கைகளைச் சென்றடையும்போதுதான் அதன் பயன் தொடங்குகிறது. சாதனையைச் சதுர மீட்டரில் அளக்கலாம். ஈகையை ஒரு குழந்தையின் அளவில்தான் அளக்க முடியும்.

இனி, வேறொரு வினாவும் எழுகிறது. பின்னலாடைத் தொழிலில் பெயர்பெற்ற லூதியானாவின் தொழிற்கூடங்கள் ஒரு நாளில் எண்ணற்ற குல்லாய்களைச் செய்துவிடுமே. நூல் வாங்கும் பணத்தை அப்படியே கொடுத்துவிட்டால் குறைந்த செலவில் மிகுதியான ஆடைகள் கிடைக்குமே என்று சிலர் கேட்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. பணம்தான் தேவை என்று ஒரு மருத்துவமனையோ இல்லமோ கூறினால் பணமே கொடுத்தல் வேண்டும். அங்குப் பின்னலைக் கொண்டுபோய் நிற்பது பிடிவாதம்.

எனினும் அவ்வாதம் இரண்டு செய்திகளை மறந்துவிடுகிறது. நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். மிகவும் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு அது 30 சென்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. அத்துணைச் சிறிய குல்லாயைக் கடைத்தெருவில் தேடிக் காண்பது எளிதன்று. பின்னும் கைக்கோ அது சில கண்ணிகளைக் குறைக்கும் வேலை மட்டுமே. இது முதலாவது. கொடுப்பதற்குப் பணம் எல்லாரிடமும் இல்லை என்பது இரண்டாவது. தமக்கென்று வருமானமில்லாத இல்லத்தரசியும், பிள்ளைகளின் வீட்டில் வாழும் முதியவளும், பள்ளி மாணவனும் பணத்தை வழங்க இயலாதவர்கள். நேரத்தை வழங்க இயன்றவர்கள். பணமுடையோர் மட்டுமே ஈயலாம் என்றால், ஈகை செல்வரின் தனியுரிமையாகிவிடும்.

ஆனால் நேரத்தைக் கொடுப்பவர் நல்ல நேரத்தைக் கொடுத்தல் வேண்டும். வீட்டில் எஞ்சிய சொரசொரப்பான நூல், தளர்ந்த பின்னல், முடிச்சு வெளியே தெரியும் ஓரம் ஆகியவற்றைக் காட்டி, 'இல்லாதவர்களுக்கு இது போதும்' என்று கூறுவோர் உளர். இச்சொல்லே ஈகையைக் கெடுக்கும் சொல். அக்குழந்தைக்கு உலகம் அணிவிக்கும் முதல் உடையாக அது இருக்கக்கூடும். பேரக்குழந்தைக்கு அணிவிக்கத் தயங்கும் ஒன்றை, பெயரறியாக் குழந்தைக்கு அணிவிப்பது எவ்வாறு தகும்? தமிழ்நாட்டு வீடுகளில் பிறந்த குழந்தையைப் பலமுறை துவைத்து மென்மையான பழைய புடவையிலோ வேட்டியிலோ கிடத்துவர். துணி பழையதாயினும் அதில் குழந்தையின் தோலைப் பற்றிய கவலை இருந்தது. அந்தக் கவலைதான் பின்னுவோருக்கும் வேண்டும்.

போர்வை கொடுத்தவன் என்றதும் தமிழர் நினைவிற்கு வருபவன் பேகன். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவன், பழனி மலைப்பகுதியை ஆண்டவன். மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தவன். மயில் அதனை உடுத்திக்கொள்ளாது என்பதைப் புலவரும் அறிந்திருந்தார். ஆயினும் கணக்குப் பாராத அவனது நெஞ்சை அவர் போற்றினார். அந்நெஞ்சு இன்றும் போற்றுதற்குரியதே. ஆயின் பச்சிளங்குழந்தை மயில் அன்று. மயிலுக்கு இயற்கை தோகை தந்திருக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அவ்வாறு எதுவும் தரவில்லை. எனவே இன்று கொடுப்பவருக்குப் பேகனின் நெஞ்சும் வேண்டும். என்ன வேண்டும் என்று செவிலியரைக் கேட்டறியும் பணிவும் வேண்டும்.

கேட்பது எளிது. எந்த அளவு, எந்த நூல், எத்தனை, எப்போது என்னும் நான்கு வினாக்கள் போதும். விடை 'குல்லாய் வேண்டாம், காலுறை வேண்டும்' என்று வந்தால் வருத்தப்படாமல் ஊசியை மாற்றிப் பிடித்தல் வேண்டும். மொட்டைமாடி வெயிலில் அமர்ந்திருக்கும் பாட்டி பின்னும் சிறு குல்லாய், சாத்துக்குடிப் பழத்தைவிடச் சற்றே பெரியது. அதை அணியப்போகும் குழந்தை யாருடையது, எம்மொழி பேசப்போவது என்பன அவருக்குத் தெரியா. பின்னியவர் யார் என்பது அக்குழந்தைக்கும் தெரியப்போவதில்லை. அளவு மட்டும் சரியாக இருந்தால், அதுவே இருவருக்கும் போதுமானது.

சிந்தித்து எழுதுக

1. 'கொடுப்பவரின் மனம் நிறைவது ஒன்று. பெறும் குழந்தையின் உடல் கதகதப்படைவது மற்றொன்று' என்று கட்டுரை கூறுவதற்குக் காட்டும் சான்றுகள் இரண்டினை எழுதுக.
2. பொருளாகக் கொடுப்பது சிறந்ததா, பணமாகக் கொடுப்பது சிறந்ததா? இக்கட்டுரையின் கருத்தோடு நீ எங்கு ஒத்துப்போகிறாய், எங்கு வேறுபடுகிறாய்?
3. உன் வீட்டிலோ குடியிருப்பிலோ கைவேலை அறிந்த முதியவர் ஒருவரிடம், அவர் அதனை யாரிடம், எவ்வாறு கற்றார் என்று கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.