சபைக்குப் போகுமுன் சனங்களிடம் வருக!

வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பர் மாதத்திலே பாராளுமன்றத்துக்கு வருகின்றது. அதே மாதத்திலே கிளிநொச்சி வயல்களிற் பெரும்போக நெல் பச்சை கட்டி நிற்கின்றது. கமக்காரர் சேற்றில் நின்று களை பிடுங்கும் வேளையில், அவர் அடுத்த ஆண்டு வாங்கப்போகும் பசளையின் விலையும், விற்கப்போகும் நெல்லின் விலையும் கொழும்பிலே பேசித் தீர்க்கப்படுகின்றன. அங்கே அவருக்காக வாய் திறக்கவேண்டியவர், புறப்படுமுன் அவரிடம் ஒரு சொல்லையேனும் கேட்டுக்கொண்டு போனாரா? இதுவே நமது கேள்வி.

கூட்டத்தொடர் நெருங்கும் வாரங்களில் நம் பிரதிநிதிகளிற் பலர் எங்கே காணப்படுகின்றனர்? பரிசளிப்பு விழாவிலே காண்கின்றோம். அடிக்கல் நாட்டு விழாவிலே காண்கின்றோம். மாலைக்குக் கழுத்தை நீட்டுகின்றனர். மேடையிலே இனத்தின் துயரை முழங்குகின்றனர். மறுநாட் பத்திரிகையிலே அறிக்கை வருகின்றது. அடைபட்ட வாய்க்காலைப் பற்றிக் கேட்டால், "மகஜர் தாருங்கள், பார்ப்போம்" என்பதே விடை. அந்த மகஜர் எந்தப் பெட்டியிலே உறங்குகின்றதென்று தந்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

இந்நிலைக்குத் தேர்தல் முறையும் ஒரு காரணம். 1977 வரை ஒரு தொகுதிக்குத் தன் உறுப்பினர் யாரென்பது தெரியும்; தவறினால் யாரைத் தட்டிக் கேட்பதென்பதும் தெரியும். 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தது. 1989 இல் அம்முறையிலே பொதுத் தேர்தல் நடந்தது. அதன்பின் உறுப்பினர் மாவட்டம் முழுவதற்கும் உரியவரானார். ஆகவே எந்தக் கிராமத்துக்கும் உரியவரல்லாதவரானார். நெடுந்தீவு தொடக்கம் கிளிநொச்சி வரை பரந்து கிடக்கும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் ஒன்பது ஆசனங்கள் இருந்தன. 2024 இல் ஆறே. வட மாகாண சபையின் காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்தது; 2025 வரையில் அதற்கு மறு தேர்தல் நடக்கவில்லை. ஆசனம் குறைந்தது, மாகாண சபையும் ஓய்ந்தது, எஞ்சிய ஒவ்வோர் உறுப்பினர்மீதும் சுமை ஏறியது. சுமை ஏறியவர் விரைந்து நடக்கவேண்டாமா?

"225 பேர் கொண்ட சபையிலே ஒரு சிலர் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பார் உளர். சோம்பலுக்கு இதைவிட வசதியான போர்வை வேறில்லை. 2025 மார்ச் 28 ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வெளிவந்தது. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரித்து நிறுவப்படாவிடின் அக்காணி அரச காணியாகும் என்பதே அதன் சாரம். போரிலே உறுதியை இழந்தவர், இடம்பெயர்ந்தவர், கடல் கடந்தவர் ஆகியோரெல்லாம் மூன்று மாதத்தில் எங்கே போய் எதைத் தேடுவர்? எதிர்ப்பு எழுந்தது, வழக்குச் சென்றது, யூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அறிவித்தல் மீளப் பெறப்பட்டது. எண்ணிக்கையாலா அது வென்றது? ஒருவர் வாசித்தார், ஒருவர் வாதாடினார், மக்கள் திரண்டனர், ஆகவே வென்றது. ஆனால் வர்த்தமானி வெளிவந்த வாரத்திலேயே நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் அதை ஊர்ச் சனசமூக நிலையங்களிலே வாசித்துக் காட்டியிருப்பின், எத்தனை குடும்பங்கள் முன்னரே விழித்திருக்கும்!

கேளாமல் முடிவெடுத்தால் விளைவது என்ன என்பதற்கும் சான்று உண்டு. 2021 மே மாதத்திலே இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வீச்சில் தடைசெய்யப்பட்டது. கமக்காரரை எவரும் கேட்கவில்லை. நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. அதற்குள் நட்டம் வயலுக்கு வந்துவிட்டது. அரசாங்கம் கேளாதபோது கேட்கவேண்டிய முதற் கடமை யாருடையது? வாக்கு வாங்கியவருடையது அன்றோ?

தந்தை செல்வாவின் வாழ்விலே இதற்கு ஒரு பாடம் உண்டு. 1952 இல் காங்கேசன்துறை மக்கள் அவரைத் தோற்கடித்தனர். அவர் மக்களைக் கைவிடவில்லை. 1956 இல் அதே மக்களால் வென்றார். 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கவில்லையென்று காட்ட, அவ்வாண்டு ஒக்டோபரிலே தம் ஆசனத்தைத் துறந்து மக்களின் தீர்ப்பை வேண்டினார். அரசாங்கம் இடைத்தேர்தலை 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தது. நடந்தபோது 16,000 வாக்குகளுக்கு மேற்பட்ட பெரும்பான்மையால் மக்கள் விடையளித்தனர். சபையிலே பேசும் உரிமை சபையிலிருந்து வருவதன்று, மக்களிடமிருந்து வருவது என்பதை அறிந்திருந்தார் அவர்.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. கூட்டத்தொடருக்கு முன், ஒவ்வொரு பிரதேச செயலாளர் பிரிவிலும் ஒரு நாளேனும், மாலையின்றி, மேடையின்றி வந்து அமருங்கள். கேட்டதை எழுதுங்கள், எழுதியதை அமைச்சர் விடை சொல்லவேண்டிய வினாவாகச் சபையிலே கேளுங்கள். ஆயிரம் அறிக்கைகளுக்கு அமைச்சர் மௌனம் சாதிக்கலாம். சபைக் குறிப்பேட்டில் ஏறிய ஒரு வினாவை விடையின்றிப் புதைப்பது அத்துணை எளிதன்று. கூட்டம் முடிந்ததும் மீண்டும் வந்து, கிடைத்த விடையையும் கிடையாத விடையையும் கணக்குச் சொல்லுங்கள்.

கற்றவர்களே! வர்த்தமானியையும் மதிப்பீட்டு நூலையும் வாசிக்க வல்லவர் நீங்கள். அதை வீட்டு மேசையிலே வைத்து விமர்சிப்பதால் ஊருக்கு ஆவதென்ன? கமக்காரர்களே! எந்த வரம்பு எவருடையது, எந்த மதகு எப்போது உடைந்தது என்பதை அறிந்தவர் நீங்கள். அதை மனத்திலே வைத்துப் பொருமுவதால் ஆவதென்ன? இவ்விரு அறிவும் ஒரு மேசையிற் கூடட்டும். இம்மாதமே உங்கள் ஊர் வாசிகசாலையிலே கூடி, ஐந்து வினாக்களை எழுதி, உங்கள் உறுப்பினரை அழையுங்கள்.

வந்தால் அவர் நம் பிரதிநிதி. வராவிட்டால், அடுத்த தேர்தலில் அவர் கட்டாயம் வருவார். அன்று அந்த ஐந்து வினாக்களையே அவர் கையிற் கொடுங்கள்.