கட்டு அவிழ்த்ததும் வைத்தியம் முடிந்துவிடுவதில்லை

கரிசல் காட்டு மானாவாரி விவசாயிக்கு வருஷத்தில் ஒரே பட்டம்தான். புரட்டாசியில் விதை நிலத்தில் விழ வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்ய வேண்டும். தை, மாசியில் வெள்ளாமை வீடு வந்து சேர வேண்டும். கிணற்றுப் பாசனக்காரர் ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்தில் சரிக்கட்டிக் கொள்வார். குளத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரத்து மானாவாரிக்காரருக்கு அந்த வசதி கிடையாது. சித்திரையில் பைக்கிலிருந்து விழுந்து கால் ஒடிந்தவர் புரட்டாசி விதைப்புக்கு எழுந்து நிற்கவில்லையானால், அவருக்குப் போவது ஒரு வருஷத்து வருமானம். ஆகவே அடிபட்ட உடம்பை மறுபடி வேலைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதை, உரத்தையும் பூச்சி மருந்தையும் பேசுகிற இந்த விவசாயப் பகுதியிலும் பேசத்தான் வேண்டும்.

நம் பக்கத்தில் நடப்பது என்ன? எலும்பு ஒடிந்தால் கட்டுப் போடுகிறோம். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு, நாட்டு வைத்தியரிடம் போனால் மூங்கில் பத்தை வைத்த கட்டு. எது எப்படியானாலும், கட்டு அவிழ்த்த அன்று வைத்தியம் முடிந்தது என்று நினைத்துக் கொள்கிறோம். அதன் பின் இரண்டில் ஒன்று நடக்கிறது. வசதியுள்ளவர் வீட்டில், “இன்னும் ஆறு மாதம் அசையக்கூடாது” என்று கட்டிலில் போட்டு விடுகிறார்கள். வசதியில்லாதவர் மறுநாளே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறார். இரண்டுமே உடம்பைக் கெடுக்கிற காரியம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் கட்டிலைப் பார்ப்போம். 2007-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஒரு சோதனை வெளியாயிற்று. நோய் நொடி இல்லாத, 67 வயதை ஒட்டிய ஆண் பெண் சிலரை 10 நாள் கட்டிலை விட்டு இறங்காமல் படுக்க வைத்தார்கள். 10 நாள்தான். அதற்குள் அவர்கள் கால்களிலிருந்து ஏறக்குறைய 1 கிலோ சதை கரைந்து போயிற்று. நோயில்லாதவருக்கே இந்தக் கதி என்றால், ஒடிந்த காலோடு மூன்று மாதம் படுத்தவர் தொடை சூம்பிப் போவதில் அதிசயம் என்ன? எலும்பு சேர்ந்திருக்கும், முழங்கால் மடங்காது. அதோடு அவர் நடக்க வேண்டிய தரை எப்படிப்பட்டது? ஈரத்தில் செருப்போடு இரண்டு கிலோ மண் ஒட்டிக்கொண்டு வருகிற கரிசல். கோடையில் கால் உள்ளே போகிற அளவு வெடிப்பு. பலமில்லாத கணுக்காலை அந்தக் காட்டில் கொண்டுபோய் வைத்தால் அது மறுபடி பிசகத்தான் செய்யும்.

இனி மண்வெட்டி. “காட்டு வேலை செய்யிறவனுக்கு எக்சர்சைஸ் எதுக்குய்யா? அதெல்லாம் டவுனில நாற்காலியில உட்காருறவனுக்கு” என்று நம் ஆட்கள் கேட்பார்கள். கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. நாள் முழுதும் வெயிலில் உழைக்கிறவரிடம் போய் ‘உடற்பயிற்சி செய்’ என்று சொன்னால் கோபம்தான் வரும். ஆனால் வேலை வேறு, பயிற்சி வேறு. வேலை என்பது பயிருக்கு எது தேவையோ அதைச் செய்வது. உடம்புக்கு எது தேவை என்பதை அது பார்ப்பதில்லை. 2018-இல் நம் மாநிலத்து மக்காச்சோளத்தில் படைப்புழு தலைகாட்டிய பிறகு, மருந்தடிக்கிற வேலை பெருகிவிட்டது. 16 லிட்டர் பிடிக்கிற டேங்கை முதுகில் மாட்டினால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. ஒரு கையால் பிடியை அழுத்திக்கொண்டு, மறு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மேடு பள்ளத்தில் நாள் பூராவும் நடக்கிறோம். ஒரே பக்கத்துச் சதை, ஒரே மூட்டு, ஆயிரம் தடவை. களையெடுப்பும் அப்படித்தான், குனிந்த முதுகு சாயங்காலம் வரை நிமிர்வதில்லை. இப்படி அளவுக்கு மேல் உழைத்த சதை வலிக்கிறது. வேலையே இல்லாத சதை தளர்ந்து போகிறது. பயிற்சி என்பது அந்தத் தளர்ந்த இடத்தைத் தேடிப்பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றுவது.

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கப்பட்டது. நம் மானாவாரிக்கு ஏற்ற முறைகளை அங்கேதான் பார்க்கிறோம். விதையைக் கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கடினப்படுத்தி விதைக்கிற முறை நமக்குப் பழக்கமானது. மழை தள்ளிப்போனாலும் வறட்சி தாங்க வேண்டும் என்று விதைக்கு முன்கூட்டியே செய்கிற பக்குவம் அது. ஒடிந்து சேர்ந்த காலுக்கும் அப்படியொரு பக்குவம் வேண்டும். ஆஸ்பத்திரியில் பிஸியோதெரபி என்று சொல்லும் இயன்முறை சிகிச்சை இதுதான்.

செலவு என்ன? முழங்கால் தேய்மானத்துக்கு உலகம் முழுவதும் டாக்டர்கள் முதலில் சிபாரிசு செய்வது ஆபரேஷனை அல்ல, தொடைக்குப் பலம் கொடுக்கிற பயிற்சியைத்தான். திண்ணையில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். பத்துத் தடவை. பிறகு அடுத்த கால். சில வாரம் பழகியபின் கையை ஊன்றாமல் திண்ணையிலிருந்து எழுந்து உட்காரலாம். இடுப்பு வலிக்காரர் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி நிறுத்திப் பழகலாம். நாள்பட்ட இடுப்பு வலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியிலும் பயிற்சிக்கு முக்கிய இடம் உண்டு. பெல்ட், இழுவைக் கருவி முதலியவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அதில் சொல்லியிருக்கிறது. நம் ஊர்களில் எத்தனை வீட்டில் ஆணியில் அந்த பெல்ட் தொங்குகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சி செய்யும்போது லேசாக வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் பாதகமில்லை. வீங்கினால், வலி ஏறினால், அளவைக் குறைக்க வேண்டும். இடுப்பு வலியோடு கால் மரத்துப் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ பயிற்சியைத் தொடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மாரடைப்பு வந்தவர் டாக்டர் அளவு சொன்ன பிறகே நடைப்பயிற்சியை ஆரம்பிக்க வேண்டும்.

பெண்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. களையெடுப்பது, பருத்தி எடுப்பது, மிளகாய்ப் பழம் பறிப்பது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான். காட்டிலிருந்து வந்ததும் குடம் தூக்க வேண்டும், அடுப்பில் குனிய வேண்டும். மாட்டுக்கு நொண்டல் என்றால் அன்றைக்கே டாக்டரைக் கூட்டி வருகிறவர்கள்கூட, வீட்டுக்காரியின் முழங்கால் வலிக்குத் தைலத்தோடு நிறுத்திக் கொள்கிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. முழங்கை ஒடிந்தோ விலகியோ சேர்ந்த பிறகு, மடங்கவில்லை என்று எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவதும், பலவந்தமாக மடக்குவதும் நம் பக்கத்தில் உண்டு. அப்படிச் செய்வதால் அடிபட்ட சதைக்குள்ளேயே புதிதாக எலும்பு வளர்ந்து, முழங்கை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளக்கூடும். முழங்கையை அடிபட்டவரே, தம் பலத்தால், தாங்கும் அளவுக்கு மெள்ள மெள்ள மடக்கிப் பழக வேண்டும். நாட்டு வைத்தியர்கள் எல்லாரையும் குறை சொல்வது என் நோக்கமில்லை. இந்த ஒரு காரியத்தை மட்டும் யார் செய்தாலும் தடுக்க வேண்டும்.

பக்கவாதம் வந்தவர்களின் நிலைமைதான் எல்லாவற்றிலும் பரிதாபம். “கை கால் விழுந்துபோச்சு” என்றால் வீடே நம்பிக்கையை விட்டு விடுகிறது. புறா ரத்தம் தடவுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதனால் கை வராது. மூளையில் ஒரு பகுதி கெட்டுப்போனால், பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையை ஓரளவு கற்றுக்கொள்ள முடியும். திரும்பத் திரும்பச் செய்து பழகினால்தான் கற்றுக்கொள்ளும். டம்ளரைப் பிடிப்பது, கட்டிலிலிருந்து எழுவது, பத்தடி நடப்பது என்று தினமும் பழக வேண்டும். முதல் சில மாதங்கள் மிக முக்கியமானவை. விழுந்த கையைப் பிடித்து இழுத்து ஆளைத் தூக்கக் கூடாது, தோள்பட்டை நழுவிவிடும்.

இதை வீட்டு ஜனங்களே கற்றுக்கொண்டு செய்துவிட முடியாதா என்று கேட்கலாம். நம் நாட்டிலேயே அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 14 ஆஸ்பத்திரிகளில் பக்கவாத நோயாளிகள் 1,250 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிப் பேருடைய குடும்பத்தாருக்குப் பயிற்சி முறைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். மறு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. 2017-இல் வெளியான முடிவு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் வித்தியாசமில்லை. குடும்பத்தார் கவனிப்பு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. கொஞ்ச நாள் சொல்லிக் கொடுத்து அனுப்பிவிட்டால், தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலையை வீட்டார் செய்துவிடுவார்கள் என்று சர்க்கார் எண்ணக்கூடாது என்றே நான் அர்த்தம் செய்துகொள்கிறேன். படித்த ஆள் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

வரச் செய்ய முடியுமா? முடியும் என்பதற்கு நம் மாநிலத்தில் பழைய சரித்திரமே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். அவர் முயற்சியால் 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உண்டாயிற்று. நமக்கு இன்னும் பக்கத்தில், தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கப்பற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தமக்குச் சிகிச்சை தந்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரால் 1981-இல் சொந்த ஊரிலேயே சங்கத்தை ஆரம்பித்தார். 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெரிய நகரத்தில்தான் இதெல்லாம் நடக்கும் என்பவர்கள் ஆய்க்குடியைப் போய்ப் பார்க்கலாம்.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை கொடுப்பதோடு இயன்முறை சிகிச்சையையும் சேர்த்தார்கள். மாத்திரை வருவது எல்லாருக்கும் தெரியும்; பயிற்சி சொல்லித்தர ஆள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அதே வருஷம் டிசம்பரில் வந்த ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்தில் அடிபட்டவரை முதல் 48 மணி நேரம் காப்பாற்றுகிறது. நல்ல காரியம்தான். அதன் பிறகு வருகிற 48 வாரத்தை யார் பார்ப்பது?

திட்டம் தொடங்கியபோது ஊராட்சி ஒன்றியத்துக்கு ஓர் இயன்முறை சிகிச்சையாளர் என்ற கணக்கில் போட்டார்கள். விளாத்திகுளம் ஒன்றியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்காட்டுக் கிராமங்கள், கடற்கரைக் கிராமங்கள் எல்லாம் சேர்ந்தது. ஒரே ஆள் அத்தனை ஊரையும் சுற்றினால் ஒரு வீட்டுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வர முடியும்? குளத்தூர்க்காரர் கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்கோ தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ வாரம் மூன்று நாள் பஸ் ஏறுவதென்றால், ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போயிற்று. கூடப் போகிறவர் கூலியும் போயிற்று. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாரத்தில் குறிப்பிட்ட கிழமையில், காட்டு வேலை முடிந்து வருகிறவர்களுக்குத் தோதாகச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இந்தச் சிகிச்சை நடக்க வேண்டும். நடக்க முடியாத பக்கவாத நோயாளிகளின் வீட்டுக்கு மட்டும் ஆள் போனால் போதும். ஆளை இரண்டாக்க வேண்டும்.

சித்திரையிலும் வைகாசியிலும் காட்டில் வேலை குறைவு. முழங்கால் வலிக்காரரும் இடுப்பு வலிக்காரரும் அப்போது ஆரம்பித்தால், விதைப்புக்கு முன் நாலு மாதம் கிடைக்கிறது. மே 1 கிராம சபை அந்தச் சமயத்தில்தான் வருகிறது. அங்கே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். தீர்மானத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணி என்று எழுதச் சொல்லுங்கள். ‘ஆவன செய்யப்படும்’ என்று எழுதிக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுங்கள்.